தின்னத் தகுந்தது மூச்சில் இழுக்கத் தகுந்ததா? வேப்பிங்கும் நுரையீரலும்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, கடுமையான நுரையீரல் பாதிப்போடு 8 பதின்வயதினர் அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டிருப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. அதுவரை ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடையே பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எல்லோரும் வேப் எனப்படும் மின்சிகரெட் பிடிப்பவர்கள். அடுத்த சில வாரங்களில் பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்தும் இதே செய்தி வந்தது. இரு மாநிலங்களிலுமாக முதலில் ஆராயப்பட்ட 53 நோயாளிகளை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவரின் வயது 19. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களில் அனைவருக்கும் இரண்டு நுரையீரல்களிலும் நிழல் படிந்திருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொண்டையில் குழாய் செருகிச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டியிருந்தது. இருமலும் மூச்சுத்திணறலும் மட்டுமல்லாமல் பத்தில் எட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு போன்றவையும் இருந்ததால், தொடக்கத்தில் பலரும் நிமோனியா என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ கருதப்பட்டார்கள். கிருமிக்கான மருந்து கொடுத்தும் நோய் தணியவில்லை.

அந்தச் செப்டம்பரில் உச்சத்தைத் தொட்ட இந்த நோய்க்கு, வேப் பயன்பாட்டோடு தொடர்புள்ள நுரையீரல் காயம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக ‘எவாலி’ என்று பெயரிடப்பட்டது. 2020 பிப்ரவரி 18 வரையிலான கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்த நோயாளிகள் 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு நுரையீரல்களையும் எடுத்துவிட்டு வேறு நுரையீரல்கள் பொருத்த வேண்டியிருந்தது.

காரணத்தைத் தேடியவர்கள் நோயாளிகளின் நுரையீரலுக்குள்ளேயே தேடினார்கள். மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாய் வழியே உள்ளே செலுத்தி, சிறிது உப்புநீரைவிட்டு நுரையீரலின் ஒரு பகுதியை அலசி, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி எடுத்துச் சோதிப்பது மருத்துவத்தில் வழக்கமான முறைதான். இப்படி எடுக்கப்பட்ட நீரில், 16 மாநிலங்களைச் சேர்ந்த 51 நோயாளிகளில் 48 பேரிடம் வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட ஆரோக்கியமான 99 பேரில் ஒருவரிடம்கூட அது இல்லை.

அந்தப் பொருள் அங்கே போய்ச் சேர்ந்த வழியை விளங்கிக்கொள்வது அவசியம். நோயாளிகளில் 82 விழுக்காட்டினர் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த வேப்களைப் பயன்படுத்தியவர்கள். அவற்றுள் பெரும்பாலானவை கள்ளச் சந்தையில் வாங்கியவை. கஞ்சா எண்ணெய் விலை மிகுந்தது, கெட்டியானது. வாங்குபவர் வேப்பில் பொருத்தும் எண்ணெய்க் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றுக்குமிழ் எவ்வளவு மெதுவாக மேலேறுகிறது என்று பார்ப்பார். மெதுவாக ஏறினால் சரக்கு சுத்தமானது. விரைந்து ஏறினால் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். ஆகவே, கலப்படம் செய்பவர்களுக்கு, கலந்த பிறகும் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறைக்காத, நிறமும் வாடையும் காட்டிக்கொடுக்காத, மலிவான பொருள் ஒன்று தேவைப்பட்டது. முகப்பூச்சுக் களிம்புகளிலும் சத்து மாத்திரைகளிலும் சேர்க்கப்படும் வைட்டமின் இ அசிடேட் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தோலில் தடவினாலும் வாயில் விழுங்கினாலும் கெடுதல் செய்யாத ஒரு பொருள், சூடேற்றி மூச்சில் இழுக்கப்பட்டபோது இளைஞர்களைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது.

வேப்பிங் பற்றிய பேச்சில் நாம் அதிகம் கவனிக்காத செய்தி இதுதான் என்று நான் கருதுகிறேன். வயிற்றுக்குள் போகும் பொருள்களில் பெரும்பாலானவை அமிலத்தையும் நொதிகளையும் கடந்து, குடல்சுவரால் சலிக்கப்பட்டு, கல்லீரலுக்குள் புகுந்து வந்த பிறகே உடலெங்கும் பரவுகின்றன. நுரையீரலுக்கு அப்படிப்பட்ட முன்வாசல் காவல் கிடையாது. மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளைத்துக் கிளைத்துச் சென்று முடியும் இடத்தில், கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையில் உள்ள சவ்வின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. ஆக்சிஜன் நொடியில் கடக்கும்படி அமைந்த அந்த மெல்லிய சவ்வை மற்ற பொருள்களும் எளிதில் தாக்கிவிட முடியும்.

அந்தக் காற்றறைகளின் உட்புறத்தில் சர்ஃபாக்டன்ட் எனப்படும் கொழுப்புப் படலம் ஒன்று பூசியிருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. இந்தப் படலம் இன்னும் உருவாகாத குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட எவ்வளவு போராடுகின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெளியிலிருந்து வரும் வைட்டமின் இ அசிடேட் இந்தப் படலத்தோடு கலந்து அதன் இறுக்கத்தைக் குலைக்கக்கூடும் என்பது ஒரு விளக்கம். அதிகச் சூட்டில் அந்த அசிடேட் சிதைந்து, கீட்டீன் என்ற நச்சு வாயு உண்டாகிறது என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்ட இன்னொரு விளக்கம். நோயாளிகளின் நுரையீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த மேயோ கிளினிக் நோய்க்குறியியலாளர்கள், 17 பேரின் மாதிரிகளிலும் கண்டது நச்சு வாயுவை உள்ளிழுத்தவர்களிடம் காணப்படும் வகையான காயத்தையே. வெறும் எண்ணெய் தேங்கியதால் வரும் நிமோனியாவை அல்ல.

எண்ணெய் தேங்கி வரும் அந்த நிமோனியாவும் நமக்குப் புதிதன்று. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் முற்றாக ஒழியவில்லை. அப்படி விடப்படும் எண்ணெய் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, அங்கே கரையாமலும் வெளியேறாமலும் தங்கி, நிமோனியாவாக மாறுவதைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். சமையலுக்கு நல்ல எண்ணெய் நுரையீரலுக்கு நல்ல எண்ணெய் ஆகிவிடாது. வேப் திரவம் விற்பவர்கள், ‘எல்லாம் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தாம்’ என்று சொல்லும்போது நினைவுக்கு வர வேண்டியது இந்தச் செய்திதான்.

எவாலி அடங்கிவிட்டது, கள்ளச் சந்தைக்காரர்களே வைட்டமின் இ அசிடேட்டைக் கைவிட்டார்கள். ஆகவே, கலப்படமில்லாத, நிகோடின் மட்டும் உள்ள வேப்பால் ஆபத்தில்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எவாலி நோயாளிகளில் 14 விழுக்காட்டினர் நிகோடின் வேப் மட்டுமே பிடித்ததாகச் சொன்னார்கள் என்பதை ஒரு பக்கம் வைப்போம். அவர்களில் சிலர் கஞ்சாப் பயன்பாட்டை மறைத்திருக்கவும் கூடும். நான் சொல்ல வருவது வேறு: சாதாரண வேப்பிலும் மூச்சுக்குள் போவது வெறும் நீராவி அல்ல.

கருவியைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரு லித்தியம் பேட்டரி. அதனோடு இணைந்த, நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்த ஒரு கம்பிச்சுருள். அந்தச் சுருளுக்குள் திரவத்தை உறிஞ்சி நிற்கும் பஞ்சுத் திரி. வாயில் வைத்து இழுத்தவுடன் சுருள் இருநூறு டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாகிறது, திரியில் உள்ள திரவம் ஆவியாகிறது, காற்றில் கலந்து குளிர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும் வெண்மூட்டமாக மாறுகிறது. அந்த மூட்டம் மிக நுண்ணிய திரவத் துளிகளால் ஆனது. பல துளிகள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை என்பதால், மூக்கிலும் தொண்டையிலும் படியாமல் காற்றறைகள் வரை போய்ச் சேரக்கூடியவை. திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். மிதமான சூட்டில் பெரிதாகச் சிதையாத இவை, சூடு கூடும்போது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் ஆகியவற்றைத் தோற்றுவிக்கின்றன. திரியில் திரவம் வற்றிப் பஞ்சு கருகும்போது இந்த நச்சுகளின் அளவு பன்மடங்காகிறது. அப்போது வரும் தீய்ந்த சுவையைப் பொறுக்க முடியாமல் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள் என்பதும் உண்மையே. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை அந்த மூட்டத்தில் கலப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் அளந்து காட்டினார்கள்.

அடுத்தது மணமும் சுவையும். பிள்ளைகளை ஈர்ப்பது இதுதான். டயசெட்டில் என்பது வெண்ணெயின் மணம் தரும் பொருள், உண்பதற்கு ஏற்றது. 2000ஆம் ஆண்டில், மிசௌரி மாநிலத்தின் ஜாஸ்பர் ஊரில் இருந்த பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் பலருக்கு, சிறுமூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் இருப்பது தெரியவந்தது. சூடான வெண்ணெய்ச் சுவைக்கலவையிலிருந்து எழுந்த டயசெட்டில் ஆவியை அவர்கள் நாள்தோறும் சுவாசித்திருந்தார்கள். அந்தத் தழும்பு மாறாதது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் சோதித்த 51 சுவை வேப்களில் 39இல் டயசெட்டில் இருந்தது. வேப்பால் ‘பாப்கார்ன் நுரையீரல்’ வந்தே தீரும் என்று சமூக ஊடகங்களில் பரவுவது மிகை. சிகரெட் புகையில் டயசெட்டில் இதைவிட அதிகம். ஆனால், சுவைப்பொருள் பாதுகாப்பானது என்று சான்று கொடுக்கும் அமெரிக்கச் சுவைப்பொருள் உற்பத்தியாளர் சங்கமே, தன் சான்று உணவுக்கு மட்டும்தான், வேப்புக்கு அன்று என்று கூறியிருக்கிறது. இலவங்கப்பட்டையின் மணப்பொருளான சின்னமால்டிஹைடு, மூச்சுப்பாதைச் செல்களின் குறுயிழைகளை அசைவிழக்கச் செய்வதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது.

இந்தக் குறுயிழைகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மூச்சுப்பாதையின் உட்சுவர் முழுதும் மெல்லிய சளிப்படலம் இருக்கிறது. தூசும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. குறுயிழைகள் ஓயாமல் ஒரே திசையில் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டை வரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமல் அதை விழுங்கிவிடுகிறோம். இந்த ஓட்டம் தளர்ந்தால் சளி கெட்டிப்பட்டுத் தேங்கும், கிருமி தங்கும், இருமல் நீங்காது. நிகோடின் கலந்த வேப் மூட்டம் செம்மறியாடுகளின் மூச்சுக்குழாயில் சளி நகரும் வேகத்தைக் குறைப்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிகோடின் இல்லாத மூட்டத்தில் அந்த விளைவு இல்லை. இங்கே குற்றவாளி புகையன்று, நிகோடினே.

நிகோடினை நுரையீரல் ஏற்கும்படி செய்த மாற்றம் ஒன்றும் உண்டு. பழைய வேப்களில் நிகோடின் காரத்தன்மையோடு இருந்ததால், அளவு கூடினால் தொண்டை எரியும். 2015இல் சந்தைக்கு வந்த ஜூல் நிறுவனத்தின் கருவியில் பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடின் உப்பாக்கப்பட்டது. எரிச்சல் குறைந்தது, 5 விழுக்காடு நிகோடினையும் ஆழமாக இழுக்க முடிந்தது. அந்தக் கருவியில் பொருத்தும் சிறு குப்பி ஒன்றில் இருந்த நிகோடின், நிறுவனமே சொன்னபடி, ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம். 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 விழுக்காட்டினர் வேப் பிடித்தார்கள். தொண்டையின் எரிச்சல் உடல் தரும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத் திட்டமிட்டு அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததை எந்த வணிக நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நிகோடினே இல்லாத வேப் என்றால்? பேய்லர் மருத்துவக் கல்லூரியில் எலிகளுக்கு 4 மாதம் வேப் மூட்டத்தைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். நிகோடினும் சுவையும் இல்லாத, வெறும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த மூட்டமே, காற்றறைகளைக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் கொழுப்பு சேரச் செய்தது. சர்ஃபாக்டன்ட் படலத்தின் அமைப்பு மாறியது. பிறகு இன்ஃபுளுவென்சா வைரஸைச் செலுத்தியபோது அந்த எலிகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சொல்ல முடியாது. ஆனால், மனிதரிடமும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தினர், நலமாக இருக்கும் வேப் பயனர்களின் நுரையீரலை அலசிப் பார்த்தபோது, நுரையீரலின் நெகிழ்நாரை அரிக்கும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள், புகைபிடிப்பவர்களிடம் போலவே கூடியிருந்தன. புகைப்பவர்களுக்குக் காற்றறைகள் சிதைந்து விரியும் எம்ஃபிசீமா நோயில் முதன்மைப் பங்கு வகிப்பவை இந்த நொதிகளே.

இவ்வளவுக்குப் பிறகும், ‘சிகரெட்டைவிட நல்லதுதானே’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, ஆம் என்பதே. ஆனால், அது யாருக்கான விடை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பல பத்துப் புற்றுநோய்க் காரணிகளும் உண்டாகின்றன. வேப்பில் எரிதல் இல்லாததால் இவற்றின் அளவு மிகக் குறைவு. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி, வேப்பால் நீண்ட கால நோக்கில் வரக்கூடிய கேடு சிகரெட்டின் கேட்டில் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று 2016இல் மதிப்பிட்டது. அந்நாட்டில் சிகரெட்டை விட விரும்பிய 886 பேரிடம் நடந்த சோதனையில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். நிகோடின் பட்டை, மிட்டாய் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 விழுக்காட்டினரே அப்படி இருந்தார்கள். இருபது ஆண்டாகப் புகைத்து மூச்சு வாங்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் குறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் அநீதி. அதே சோதனையில், வேப்பின் உதவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிகரெட்டை முற்றாக விடாமல் இரண்டையும் பிடிப்பவர்களுக்கு இந்த ஆதாயமும் இல்லை. அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், வேப் மட்டும் பிடிப்பவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் வரும் வாய்ப்பு எதையும் பிடிக்காதவர்களைவிட 1.3 மடங்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு 2.6 மடங்கும், இரண்டையும் பிடிப்பவர்களுக்கு 3.3 மடங்கும் இருந்தது.

புகையே பிடித்திராத 15 வயதுப் பிள்ளைக்கு ஒப்பீடு சிகரெட்டோடு அன்று, தூய காற்றோடு. பதின்வயதில் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வேப் பிடிக்கும் பதின்வயதினரிடம் இருமலும் இளைப்பும் கூடுவதற்கும் ஆஸ்துமா தீவிரமடைவதற்கும் மிதமான அளவில் சான்று இருப்பதாக அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இலேயே கூறின. பத்தாண்டுகள் கழித்து நேர்வதைக் கணிக்கும்போது, சிகரெட்டின் வரலாற்றை மறக்கக் கூடாது: முதல் உலகப் போர்க் காலத்திலேயே சிகரெட் பரவலாகிவிட்டது, அதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான டாலும் ஹில்லும் எண்ணிக்கையோடு நிறுவியது 1950இல்.

இந்தியாவில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, வேப்பைத் தடைசெய்து 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் யாவும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் சரியானதே. ஆனால், தடையை மீறி மறைவாகக் கைமாறும் கருவியில் என்ன திரவம் இருக்கிறது என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேப் தடைசெய்யப்பட்ட சிங்கப்பூரில் 2025இல் கைப்பற்றிச் சோதிக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கில், அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் எட்டோமிடேட் மருந்து இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மருத்துவமனையில் மூச்சைக் கண்காணித்துக்கொண்டே ஊசி வழி செலுத்த வேண்டிய மருந்தை, மாணவர்கள் அளவு தெரியாமல் மூச்சில் இழுத்திருக்கிறார்கள்.

தடை உள்ள நாட்டில் இன்னொரு சிக்கலும் மருத்துவருக்கு நேர்கிறது. எவாலி போன்ற பாதிப்பை உறுதிசெய்யத் தனியான இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. நோய் தொடங்குவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் வேப் பிடித்திருக்க வேண்டும், எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ நிழல் தெரிய வேண்டும், தொற்று இல்லை என்றும் வேறு காரணம் இல்லை என்றும் தெளிவாக வேண்டும். இவற்றில் முதலாவதை நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. தாயும் தந்தையும் பக்கத்தில் நிற்கும்போது பதினேழு வயதுப் பிள்ளை அதைச் சொல்லாது. எனவே, காய்ச்சல், இருமல், மூச்சிரைப்போடு வயிற்றுக் கோளாறும் சேர்ந்து வரும் இளைஞருக்குக் கிருமி மருந்து பலன் தராவிட்டால், பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘வேப் பிடிப்பதுண்டா, என்ன திரவம், யாரிடம் வாங்கியது’ என்று கடிந்துகொள்ளாமல் கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. அமெரிக்காவில் ஸ்டீராய்டு கொடுத்த எவாலி நோயாளிகளில் பெரும்பாலோர் விரைவாகத் தேறினார்கள். ஆனால், வீடு திரும்பிய சிலர் மீண்டும் மூச்சுத்திணறி இறந்தும் போனார்கள். அதனால்தான், வீட்டுக்கு அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் நோயாளியை மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019 டிசம்பரில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.